சென்னை காமிக் கானில் எந்த விளையாட்டை முதலில் கையில் எடுப்பீர்கள்? மதுரைப் பக்கத்து ஆட்கள் வாங்க

மாட்டுத்தாவணி

அடுத்த சென்னை காமிக் கானுக்குப் போவது என்று முடிவு செய்தாயிற்று. 2011-ல் தில்லியில் ஆரம்பித்த இந்த காமிக்ஸ், வீடியோ கேம் ரசிகர் விழா நம் மாநிலத்துக்கு வர 2024 பிப்ரவரி ஆகிவிட்டது. இனி நந்தம்பாக்கம் வர்த்தக மையம்தான் என்பதால் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் யோசித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஒரு ராத்திரி ரயில் ஏறினால் போதும்.

காமிக்ஸும், பாத்திரங்களின் வேஷம் கட்டி வரும் காஸ்ப்ளேயும் பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் நான் போவதற்கு ஒரே காரணம், இன்னும் வெளிவராத வீடியோ கேமையும், வெளிவந்தும் என் கைக்கு எட்டாத கேமையும் தொட்டு விளையாடிப் பார்ப்பது. மதுரையில் அதற்கு வழி இல்லை. டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் டப்பாவைப் பார்க்கலாம், விலையைக் கேட்கலாம். போட்டுப் பார்த்து வாங்கும் வசதியை நான் எங்கும் கண்டதில்லை. கேம் சென்டருக்குப் போனால் கிரிக்கெட், ஃபுட்பால், டெக்கன், ஜிடிஏ. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, மணிக்கணக்குக்குக் காசு கொடுக்கிறவர்கள் கேட்பது அதைத்தான். சோனியின் பிஎஸ்5 கருவிக்குப் புது கேம் ஒன்று 5,000 ரூபாய் பக்கம் வருகிறது. யூடியூபில் ஒருத்தர் விளையாடுவதைப் பார்த்துவிட்டு அவ்வளவு பணம் போட எனக்கு மனசு வரவில்லை.

நிண்டெண்டோ இன்னும் மோசம். இந்தியாவில் அதிகாரபூர்வ விற்பனையே கிடையாது. அவர்களுடைய புது கேம் கருவி ஸ்விட்ச் 2 வெளிவந்தது 2025 ஜூன் 5. நம் ஊரில் யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தால்தான் கண்ணால் பார்க்கலாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அரங்குக்குள் போனால் எங்கு பார்த்தாலும் வரிசை இருக்கும். ஒவ்வொரு ஸ்டாலிலும் பத்து, பதினைந்து நிமிஷம்தான் கையில் கொடுப்பார்கள். எதற்கு நிற்பீர்கள், எதை விடுவீர்கள்? என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன்: பெரிய கம்பெனி ஸ்டாலை விட, இரண்டு மூன்று பேர் மட்டும் சேர்ந்து செய்த சின்ன கேம்களின் மேசைகளுக்குத்தான் என் நேரத்தில் பெரும்பங்கு.

உசிலை ப்ளேயர்

அண்ணே, ஆசை புரிகிறது. ஆனால் டெமோ, அதாவது கேமின் மாதிரித் துண்டு, விளையாட 460 கிலோமீட்டர் போகணுமா? கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் என்ற டெமோ விழா வருஷத்துக்கு மூன்று முறை வருகிறது. ஒரு வாரம், நூற்றுக்கணக்கில் டெமோ, காசே கிடையாது. உசிலம்பட்டியில் என் வீட்டில் உட்கார்ந்து, என் கம்ப்யூட்டரில், வரிசை இல்லாமல் விளையாடுகிறேன். சின்ன கேம் என்று நீங்கள் சொல்வதெல்லாம் அங்கேதான் அதிகம் வருகிறது. போக வர டிக்கெட், நுழைவு டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் நல்ல தள்ளுபடியில் நாலைந்து கேம் வாங்கிவிடலாமே.

தல்லாகுளம்

உசிலை, நீங்கள் சொல்வது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு?

நான் சண்டை கேம் ஆள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8. இரண்டையும் வீட்டில் விளையாடுகிறேன். ஆன்லைனில் எதிராளி எங்கோ இருப்பார், லைன் இழுக்கும், நான் தடுத்தேன் என்று நினைத்த அடி விழுந்துவிடும். என் பிழையா, நெட்டின் பிழையா என்றே தெரியாது. அதனால் விழாவில் எனக்கு வேண்டியது புது கேம்கூட இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து விளையாடும் எதிராளி. ஒரே டிவி, இரண்டு கன்ட்ரோலர், தோற்றதும் அவரிடமே "அந்த அடியை எப்படித் தடுப்பது" என்று கேட்கலாம். மதுரையில் இதை விடாமல் விளையாடுகிற ஆட்களைத் தேடிப் பார்த்தேன், ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள்.

ஸ்டாலில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரு விநாடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் ஒரு ஃப்ரேம் என்பது 16.7 மில்லிவிநாடி. சண்டை கேமில் ஐந்தாறு ஃப்ரேம் தாமதம் வந்தாலே கணக்கு மாறிவிடும். டிவி படத்தை அழகாக்குகிறேன் என்று தன் பங்குக்கு வேலை செய்யும், அதில் நேரம் போகும். கேம் மோட் போட்டால் அந்த வேலையைக் குறைத்துவிடும். விழாக்களில் வாடகை டிவியை அப்படியே மாட்டியிருந்தால் அதை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். பட்டனை அமுக்கி, பாத்திரம் அசைவது தாமதமாகத் தெரிந்தால், கேமைக் குறை சொல்வதற்கு முன்னால் அங்கே நிற்கிறவரிடம் பணிவாகக் கேளுங்கள், மாற்றித் தருவார்கள். நல்ல கேம் ஒன்றை கெட்ட டிவியால் வேண்டாம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மேலூர் தம்பி

எல்லாரும் கணக்குப் போடுகிறீர்கள். எனக்கு அந்தக் கூட்டமே வேண்டும் அண்ணே. எங்கள் கல்லூரியில் கேம் என்றாலே மொபைலில் சுடுகிற பிஜிஎம்ஐ மட்டும்தான். கதை உள்ள கேம் ஒன்றைப் பற்றி வாயைத் திறந்தால் ஒருத்தரும் காது கொடுக்க மாட்டார்கள். எனக்குப் பிடித்த பாத்திரத்தின் வேஷம் போட்டுக்கொண்டு முன்பின் தெரியாத ஒருத்தர் எதிரே வந்தால், அவரிடம் நேராகப் போய்ப் பேசலாம். அதை வீட்டு டெமோ தருமா?

பெரிய ஸ்டால் வரிசையில் நான் நிற்கத்தான் போகிறேன். ஜிடிஏ 6 வைப்பார்களா?

மாட்டுத்தாவணி

தம்பி, ஜிடிஏ 6-ஐ எதிர்பார்க்காதே. 2026 நவம்பர் 19 என்று அதைச் செய்யும் ராக்ஸ்டார் கம்பெனி தேதி சொல்லியிருக்கிறது. அந்தக் கம்பெனி தன் கேமை இப்படி விழா விழாவாக ஆடக் கொடுக்கிற வழக்கம் இல்லை. ஸ்டாலில் அந்தப் பெயரைப் பார்த்தாலும் பழைய ஜிடிஏ 5 ஆகத்தான் இருக்கும். அதற்கு வரிசையில் நின்று வெயிட் பண்ணாதே, அது எந்த கேம் சென்டரிலும் கிடைக்கும்.

உசிலை, நெக்ஸ்ட் ஃபெஸ்ட் அருமையான ஏற்பாடு, நானும் விடுவதில்லை. ஆனால் வீட்டில் டெமோ பிடிக்கவில்லை என்றால் மூடிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறோம். அந்தக் கேமைச் செய்தவருக்கு நாம் எந்த இடத்தில் மூடினோம், ஏன் மூடினோம் என்று தெரியவே தெரியாது. விழாவில் அவர் நம் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். நம் கை எங்கே தடுமாறுகிறது, எந்தக் கதவைப் பார்க்காமல் தாண்டிப் போகிறோம் என்று கண்ணால் பார்க்கிறார். கேம் இன்னும் முடியாத நிலையில் இருந்தால் நாம் தடுமாறிய இடத்தை அவர் மாற்றக்கூடும். ஒரு படைப்பு முடிவதற்கு முன்னால் பார்வையாளன் கை அதில் படுகிற இடம் இது ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன். சினிமா ரசிகனுக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிடைக்காது.

நம் நாட்டு கேம்களுக்கு இது இன்னும் அதிகம் வேண்டும். ராஜி கேமை எடுத்துக்கொள்ளுங்கள். புனேயில் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. 2017-ல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் பணம் கேட்டார்கள், இலக்கை எட்டவில்லை. விடாமல் செய்து 2020-ல் கொண்டு வந்தார்கள். தம்பியைத் தேடிப் போகும் ஒரு சின்னப் பெண்ணின் கதை. சுவர் ஓவியம், பொம்மலாட்டம் எல்லாம் கதை சொல்ல வரும். சண்டையில் சில இடம் கை ஒட்டாது, அது வேறு விஷயம். ஆனால் அப்படி ஒரு குழுவுக்கு வெளிவருவதற்கு முன்னால் ஆயிரம் கைகள் கிடைத்திருந்தால் அந்தச் சில இடமும் சரியாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

வெண்பா என்ற கேமை விளையாடாதவர்கள் இருந்தால் விளையாடிவிடுங்கள். 2023 ஜூலையில் வந்தது, டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1980-களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்புப் புத்தகம். அதில் இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி சரியாகப் போகும் என்று யோசிக்க வேண்டும். புட்டு வரும், பிரியாணி வரும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருது, முதல் கேம் செய்தவர்களுக்கான பிரிவில். அதே வருஷம் சின்னக் குழு கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் பெரிய பரிசும் அதற்குத்தான். நம் அடுப்படி உலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது. அடுத்த வெண்பா ஏதாவது ஒரு சின்ன மேசையில், பேனர்கூட இல்லாமல் இருக்கலாம். அந்த மேசையைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தியக் கேம் குழுக்களுக்கு உதவும் சோனியின் இந்தியா ஹீரோ ப்ராஜெக்டில் தேர்வான கேம்கள் வந்தால் முதல் மணி நேரம் அவற்றுக்குத்தான். முக்தி என்று ஒன்று, ஆள் கடத்தலைப் பற்றியது, ஒரு அருங்காட்சியகத்துக்குள் நடந்து கதையைக் கண்டுபிடிக்க வேண்டும். லோக்கோ என்று ஒன்று, தாவி ஓடும் வகை. இவை வருமா என்பது ஸ்டால் பட்டியல் வந்தால்தான் உறுதி.

திருமங்கலம் அக்கா

நான் கேம் அதிகம் விளையாடுகிறவள் இல்லை. என் தம்பிக்காக இந்தப் பக்கம் வருகிறேன். அவனுக்கு இடது கை பிறந்ததிலிருந்தே பலம் குறைவு. கன்ட்ரோலரின் மேல் பட்டன் இரண்டையும் சேர்த்து அமுக்க முடியாது. ஆனால் கேம் என்றால் உயிர். ஒரு கேம் அவனால் விளையாட முடியுமா என்று வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வழியே இல்லை. வீடியோவில் பார்க்கிறவர்கள் யாரும் பட்டன் மாற்றும் வசதி இருக்கிறதா என்று காட்டுவதில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு வரலாமா? வரிசையில் நிற்கும்போது பின்னால் இருக்கிறவர்கள் முணுமுணுப்பார்களோ என்று அவனுக்குத் தயக்கம்.

தல்லாகுளம்

அக்கா, கட்டாயம் கூட்டிட்டு வாங்க. தயக்கமே வேண்டாம், நாங்கள் கூட நிற்கிறோம்.

மைக்ரோசாஃப்ட் 2018-லேயே எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் என்று ஒன்று கொண்டு வந்தது. பெரிய இரண்டு பட்டன், பின்னால் வரிசையாகத் துளைகள், எந்த சுவிட்சை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், காலால்கூட அமுக்கலாம். சோனி 2023 டிசம்பரில் அதே நோக்கத்தில் ஆக்சஸ் கன்ட்ரோலர் விட்டது. ஸ்டாலில் அது இல்லாவிட்டாலும், பிஎஸ்5 அமைப்புகளிலேயே பட்டன்களை இடம் மாற்றலாம். தம்பிக்கு வலது கை வசதி என்றால் இடது பக்கத்து வேலையை வலது பக்கத்துக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். ஸ்டால்காரர் அதற்கு இரண்டு நிமிஷம் செலவழிப்பதில் தவறே இல்லை.

அண்ணன் சொன்ன சின்ன மேசைகளில் தம்பி விளையாடினால் இன்னும் நல்லது. அந்தக் குழுவில் பெரும்பாலும் இப்படி ஒருத்தர் விளையாடி நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். "இந்த இடத்தில் இரண்டு பட்டன் சேர்த்து அமுக்கணுமா, ஒன்றை அமுக்கிப் பிடித்தால் போதாதா" என்று தம்பியே கேட்கட்டும். அவனுக்காக மாற்றினால் அது நாளைக்கு இன்னும் பலருக்கு உதவும்.

திருமங்கலம் அக்கா

படித்துக் காட்டினேன். இப்போது டிக்கெட் போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். நன்றி தம்பி.

ஆனையூர் அப்பா

வணக்கம். என் மகன் எட்டாம் வகுப்பு. போயே ஆகணும் என்கிறான். இந்த ஆன்லைன் கேமைத்தான் அரசாங்கமே தடை செய்துவிட்டதே, அதற்கு ஒரு விழாவா என்று அவன் அம்மா கேட்கிறாள். எனக்கும் பதில் தெரியவில்லை. உங்களைப் போல விவரமாகப் பேசுகிறவர்களிடம் கேட்கலாம் என்று வந்தேன்.

மாட்டுத்தாவணி

ஐயா, கேட்டது நல்லது. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் தடை செய்தது பணம் கட்டி, பணம் ஜெயிக்கிற விளையாட்டுகளை. ரம்மி மாதிரி. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை, அதாவது போட்டியாக ஆடும் வீடியோ கேமை, முறையான விளையாட்டாக அங்கீகரித்திருக்கிறது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கமே கொடுத்தார்கள். விழாவில் உங்கள் பையன் பார்க்கப்போவது பணம் வைத்து ஆடுவது இல்லை.

ஆனால் எட்டாம் வகுப்புப் பையனுக்கு எல்லா கேமும் ஏற்றது என்று சொல்ல மாட்டேன். டப்பாவின் மூலையில் வயது எண் இருக்கும், 7, 12, 16, 18 என்று. 18 போட்டிருந்தால் தள்ளிக் கூட்டிப் போய்விடுங்கள். நீங்களும் கூட வாருங்கள், தனியாக அனுப்ப வேண்டாம். முடிந்தால் இரண்டு பேர் சேர்ந்து விளையாடும் கேம் ஒன்றில் நீங்களும் கன்ட்ரோலரைப் பிடியுங்கள். நீங்கள் அந்தக் காலத்தில் டிவியில் கேசட் செருகி மரியோ, காண்ட்ரா விளையாடியிருப்பீர்களே, அந்தக் கை மறந்திருக்காது.

ஆனையூர் அப்பா

காண்ட்ரா விளையாடியிருக்கிறேன். அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு. மகனின் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுகிறேன்.

உசிலை ப்ளேயர்

அந்த அக்கா எழுதினதைப் படித்த பிறகு என் கேள்வி கொஞ்சம் மாறிவிட்டது. கைக்கு ஒத்துவருமா என்பதை வீட்டு டெமோவிலும் பார்க்கலாம்தான், ஆனால் கேட்க ஆள் இருப்பது வேறு. ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. விழா டெமோ பல நேரம் அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே மெருகேற்றின துண்டு. மீதிக் கேம் அப்படி இருக்கும் என்று எப்படி நம்புவது? அது முன்பதிவு செய்ய வைக்கிற தூண்டில்தானே?

மாட்டுத்தாவணி

நியாயமான சந்தேகம். டெமோவை மட்டும் நம்பி முன்பதிவு செய்யாதீர்கள் என்பதில் நானும் உங்கள் பக்கம். சில்க்சாங் என்ற கேமை நினைத்துப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள், அந்த ஜூனில் அமெரிக்காவில் நடந்த இ3 கேம் விழாவில் ஆடக் கொடுத்தார்கள், கேம் கடைசியில் வந்தது 2025 செப்டம்பர் 4. டெமோ ஆடினவர்கள் ஆறு வருஷம் காத்திருந்தார்கள். டெமோ இருந்தால் கேம் நாளைக்கே வரும் என்று அர்த்தமில்லை.

பத்து நிமிஷத்தில் கதை எப்படி முடியும், இருபதாவது மணி நேரத்தில் அலுக்குமா என்பது தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடியதும் இருக்கிறது. தாவும்போது பாத்திரத்துக்கு எடை இருக்கிறதா, கேமரா நம் பேச்சைக் கேட்கிறதா, எழுத்து தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா, செத்துப்போனால் எவ்வளவு நேரத்தில் திரும்ப விளையாட விடுகிறது. இந்த நான்கும் முதல் பத்து நிமிஷத்திலேயே சரியில்லை என்றால் அப்புறம் சரியாவதை நான் அதிகம் கண்டதில்லை. நான் அதை மட்டும்தான் பார்ப்பேன்.

அதனால்தான் கதை கேம்களை அரங்கில் எடைபோடாதீர்கள் என்கிறேன். அறிவிப்பு, கூச்சல், பாட்டு எல்லாம் சேர்ந்து வசனம் காதில் விழாது. வயர் உள்ள ஹெட்ஃபோன் ஒன்று கையோடு கொண்டு வாருங்கள். ப்ளூடூத் வேண்டாம், அந்த நெரிசலில் இணைக்கிறதற்குள் உங்கள் முறை முடிந்துவிடும், சத்தமும் பின்தங்கி வரும்.

மேசையில் நிற்கிறவர் "எப்படி இருந்தது" என்று கேட்பார். "சூப்பர்" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். எங்கே வழி புரியவில்லை, எங்கே சந்தோஷமாக இருந்தது என்று இரண்டு வாக்கியம் சொல்லுங்கள். தமிழில் சொல்லுங்கள், சென்னை விழாவில் தமிழ் தெரிந்த ஆட்கள் கட்டாயம் இருப்பார்கள். கேமில் தமிழ் எழுத்து வருமா என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அடுத்த கூட்டத்தில் அதைப் பேசுவார்கள்.

மேலூர் தம்பி

அண்ணே, இது எனக்குத் தோன்றவே இல்லை. இந்தி இருக்கும், தமிழ் இருக்காது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். இந்த முறை ஒவ்வொரு மேசையிலும் கேட்கிறேன். என் வகுப்புத் தோழர்களையும் கேட்கச் சொல்கிறேன்.

தலையில் மாட்டி விளையாடும் விஆர் இருந்தால் போடலாமா? கண்ணாடி போட்டிருக்கிறேன்.

தல்லாகுளம்

போடலாம் தம்பி, கண்ணாடியோடு போடுகிற மாதிரித்தான் பெரும்பாலான ஹெட்செட் வருகிறது. ஆனால் முதல் முறை என்றால் ஓடுகிற, பறக்கிற கேம் வேண்டாம், தலை சுற்றும். நின்ற இடத்தில் கை வீசுகிற கேம் கேள். சாப்பிட்ட உடனே போடாதே. முகத்தில் படுகிற இடத்தைத் துடைத்துத் தரச் சொல், பலர் தலையில் மாட்டியது.

இன்னொன்று, சனிக்கிழமை காலை கதவு திறக்கிற நேரம்தான் நல்ல நேரம். பெரும்பாலானவர்கள் பெரிய ஸ்டாலுக்கு ஓடுவார்கள். சின்ன மேசை காலியாக இருக்கும், செய்தவர்களும் தொண்டை கட்டாமல் தெம்பாகப் பேசுவார்கள்.

மாட்டுத்தாவணி

பயணத்தைப் பேசி முடித்துவிடுவோம். வெள்ளிக்கிழமை ராத்திரி பாண்டியன். முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, விழாத் தேதி வந்த அன்றே கணக்குப் பார்த்துவிட வேண்டும். எழும்பூர் வரை போக வேண்டாம், தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் பரங்கிமலை, அங்கிருந்து நந்தம்பாக்கம் ஆட்டோ தூரம்தான். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மாட்டுத்தாவணியிலிருந்து கிளாம்பாக்கம், அங்கிருந்து நகரப் பேருந்து. பகலில் வைகையில் போனால் பிற்பகல் ஆகிவிடும், அந்தக் காலை நேரம் கைவிட்டுப் போய்விடும்.

யூபிஐ-யை மட்டும் நம்பி வராதீர்கள். கூட்டத்தில் சிக்னல் போனால் தண்ணீர் பாட்டில்கூட வாங்க முடியாது. கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள்.

உசிலை ப்ளேயர்

சரி, நானும் வருகிறேன். ஆனால் ஒன்று. இத்தனை பேர் இருக்கிறோமே, மதுரையிலேயே இதைச் செய்ய முடியாதா? தமுக்கத்தில் புத்தகக் கண்காட்சி நடக்கிறது, சித்திரைப் பொருட்காட்சிக்குச் சுற்று வட்டாரமே வருகிறது. அங்கே ஒரு மூலையில் பத்து மேசை, பத்து சின்ன கேம். பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றிவிட்டு அப்பளம் சாப்பிடுகிற கூட்டத்தில் பாதிப் பேர் கன்ட்ரோலரைக் கையில் பிடித்ததே இல்லை. அவர்கள் முதல் முறை பிடிப்பதைப் பார்க்க எனக்கு ஆசை.

தல்லாகுளம்

நல்ல யோசனை. சென்னையில் ஒவ்வொரு சின்ன மேசையிலும் இதைக் கேட்டு வைப்போம். மதுரைக்கு வருவீர்களா, எத்தனை மேசை, என்ன கரன்ட் வசதி வேண்டும், தங்க இடம் வேண்டுமா என்று. பதில் சொல்கிறவர்களின் விவரத்தை வாங்கிக்கொண்டு வந்தால் இங்கே உட்கார்ந்து மேற்கொண்டு பேசலாம்.

மாட்டுத்தாவணி

அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். கேள்விகளைத் தாளில் எழுதி நகல் எடுத்து வருகிறேன், ஆளுக்குக் கொஞ்சம் மேசையாகப் பிரித்துக்கொள்வோம். வருகிறவர்கள் கீழே பெயரைப் போடுங்கள், தேதி தெரிந்ததும் ஒரே பெட்டியில் படுக்கை கிடைக்கிற மாதிரிச் சேர்த்துப் போட்டுவிடலாம். அக்கா, உங்களுக்கும் தம்பிக்கும் கீழ்ப் படுக்கை கேட்கிறேன்.

திருமங்கலம் அக்கா

இரண்டு பேர். கீழ்ப் படுக்கை ஒன்று போதும் தம்பி, அவன் மேலே ஏறிப் படுப்பேன் என்கிறான்.

ஆனையூர் அப்பா

நாங்களும் இரண்டு பேர். அவன் அம்மா சரி சொல்லிவிட்டாள்.